கழுவின காசு

போன வருஷம் ஆடி மாசம் ஒருநாள் ராத்திரி பதினொன்னரை மணிக்கு எங்க மாமா வந்து கதவைத் தட்டினார். மாமா என்றால் அக்கா புருஷன். செகண்ட் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடவே வந்திருந்தார். ஓசூர் சிப்காட்டில் ஒரு டை காஸ்டிங் கம்பெனியில் வேலை. அலுமினியத்தை உருக்கி அச்சுக்குள் அடித்து வண்டி உதிரி பாகம் எடுக்கிற கம்பெனி. பன்னிரண்டு வருஷமாகப் போகிறார், பன்னிரண்டு வருஷமும் கான்ட்ராக்ட்தான்.

சட்டைப் பையிலிருந்து மஞ்சத் துணியில் சுத்தின ஒன்றை எடுத்தார். துணியைப் பிரிக்கும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

"பாப்பா, நீ எம்.ஏ. படிச்சவ. காசு பாக்கத் தெரியும்னு அக்கா சொல்லிச்சி. இதைப் பாரு."

பெரிய செம்பு நாணயம். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், காலடியில் அனுமார். மறு பக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்று ஆங்கிலத்தில். அரை அணா. 1818.

கையில் வாங்கினதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உடனே வாய் வரவில்லை. ஏனென்றால் அதற்குள் அவர் சொல்லிவிட்டார், இதுக்கு அறுபதாயிரம் கொடுத்தாச்சி என்று. அக்கா பேரில் குழு லோன் எடுத்த பணம். பெங்களூரில் ஒரு பார்ட்டி முப்பது லட்சத்துக்கு எடுத்துக்கொள்ளும், அதுக்கு முன்னாடி டெஸ்டிங் பீஸ் நாற்பதாயிரம் கட்டணும் என்று புரோக்கர் சொல்லியிருக்கிறான். அந்த நாற்பதாயிரத்துக்குத்தான் மாமா என்னிடம் வந்திருந்தார்.

"ஆயாவோட வெள்ளிக் காசு மூணு உன்கிட்ட இருக்குதில்ல, அதைக் குடு. பதினஞ்சி நாள்ல திருப்பிடறேன். மிச்சத்துக்கு வேற எங்கயாச்சும் பாக்கறேன்."

ஆயாவோட காசு பற்றிச் சொல்லிவிட்டு மறுபடி மாமாவிடம் வருகிறேன். அதைச் சொல்லாமல் இது விளங்காது.

எங்க ஆயாவின் மாமனார் கோலார் தங்கவயலுக்குப் போய் சுரங்கத்தில் இறங்கினவர். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சேரிகளிலிருந்தும் வடார்க்காட்டுச் சேரிகளிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஊரில் பண்ணை வேலைக்குக் கூலி கேவுருதான், படியில் அளந்து போடுவார்கள். காசு என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பூமிக்குள்ளே போக வேண்டும். போனார்கள். தங்கத்தை வெட்டி மேலே அனுப்பிவிட்டு வெள்ளியைக் கூலியாக வாங்கினார்கள். அவர் திரும்பி வரும்போது நெஞ்சில் சுரங்கத் தூசியும் மடியில் அஞ்சு வெள்ளி ரூபாயும் இருந்ததாக ஆயா சொல்லும். தூசி ரெண்டு வருஷத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டது. காசு நின்றது.

அஞ்சில் ஒன்றை அவருடைய சாவுச் செலவுக்கே விற்றுவிட்டார்கள். இன்னொன்று எங்கம்மாவுக்கு அம்மை போட்டபோது போனது. ஊர் மளிகைக் கடைக்குக் கொண்டுபோனதாம் ஆயா. கடைக்காரர் கையில் வாங்கவில்லை. "படியில வை" என்றார். வைத்தது. உள்ளேயிருந்து சொம்புத் தண்ணி கொண்டுவந்து காசு மேலே ஊற்றினார். பிறகு எடுத்தார், துடைத்தார், கல்லில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ரெண்டு தடவை தட்டினார். "எங்க எடுத்தே?" என்றார்.

ஆயா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. தண்ணி ஊற்றினதைச் சொல்லும்போது அதன் குரல் ஏறாது, அது தினம் நடக்கிறதுதான். ரெண்டாந்தடவை தட்டினதைச் சொல்லும்போதுதான் ஏறும். "ராசா தலை போட்ட காசுதானே, என் தலையா போட்டிருக்குது? எதுக்கு ரெண்டு வாட்டி தட்டினான்?"

மிச்சம் மூணு. ஒன்று விக்டோரியா மகாராணி, ரெண்டு அஞ்சாம் ஜார்ஜ், 1917ம் 1918ம். 1918க்கு மேலே ஒரு வளையம் பற்ற வைத்து, கறுப்புக் கயிற்றில் கோர்த்து சாகிறவரைக்கும் கழுத்தில் போட்டிருந்தது. 2011இல் ஆயா செத்தபோது, படிக்கிற பிள்ளைக்கு என்று மூணும் என்னிடம் வந்தன.

எம்.ஏ. ரெண்டாம் வருஷம் ஹாஸ்டலுக்கும் பரீட்சைக்கும் சேர்த்துக் கட்டப் பணம் இல்லை. வளையம் இல்லாத ரெண்டு காசையும் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காசு கறுத்துப் போயிருந்தது. அழுக்குக் காசைக் கொண்டுபோனால் என்ன நினைப்பார்கள் என்று புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் கையெரியத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. அதை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். சேரியிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் துணியை ரெண்டு தரம் தேய்த்துப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நாம். காசையும் அப்படித்தான் அனுப்பினேன்.

பெங்களூர் பேட்டைப் பகுதியில் ஒரு பழங்காசுக் கடை. கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்து ஐந்து நொடி பார்த்தார். "கழுவின காசு. வெள்ளி விலைக்கு வேணா எடுத்துக்கலாம்" என்றார். பிறகு லென்ஸைக் கழற்றி என்னைப் பார்த்தார். எந்த ஊர், அப்பா என்ன வேலை, இது எங்கே கிடைத்தது. கோலார் கதையைச் சொன்னேன். சிரித்தார். "பில்லு இருக்கா?" என்றார். 1917ஆம் வருஷக் கூலிக்கு பில்லு!

விற்காமல் திரும்பினேன். பீஸ் எப்படிக் கட்டினேன் என்பது வேறு கதை.

கழுவினால் ஏன் விலை போய்விடுகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னால் அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஓசூரில் ஒரு பாய். பெரிய தொழிற்சாலை ஒன்றில் டூல்ரூமில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், காசு சேர்க்கிறவர். தொழிற்சங்கக் கூட்டம் ஒன்றில் பழக்கமானார். அவர் வீட்டு மாடியில் ஒரு தராசு, ஒரு வெர்னியர், பத்து மடங்கு காட்டுகிற லென்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

பாய் சொல்லுவார்: "நல்ல காசு அடிச்சது. கள்ளக்காசு பெரும்பாலும் வார்த்தது. இது தெரிஞ்சாப் பாதி தெரிஞ்சாப்பல."

அக்கசாலையில் மேலச்சு, கீழச்சு இரண்டுக்கும் நடுவில் வில்லையை வைத்து ஒரே அடி அடிக்கிறார்கள். அந்த அடியில் உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுகிறது. ஓடின தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாகக் காசின் முகத்தில் தங்கிவிடும். விளக்கடியில் காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம் மாதிரி சுற்றி வருவது அதனால்தான். அந்தக் கோடுகளைத்தான் நான் புளி போட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறேன். போனால் போனதுதான், எந்த வித்தையாலும் திரும்ப வராது. நான் கொண்டுவந்த பளபளப்பு தேய்ச்சலின் பளபளப்பு. மேலே படிந்திருந்த கறுப்பு அழுக்கில்லை, வெள்ளி நூறு வருஷமாகக் காற்றோடு சேர்ந்து தனக்குத்தானே போட்டுக்கொண்ட தோல்.

வார்ப்புக் காசில் அந்த ஓட்டம் கிடையாது. எழுத்து மழுங்கியிருக்கும், பள்ளத்தில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும், விளிம்பில் ரெண்டு அச்சு சேர்ந்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்த தடம் இருக்கும். எடை இடிக்கும். வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940இல் சண்டைச் செலவுக்கு வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள், எடையை மாற்றவில்லை. காந்தத்தைக் காட்டிப் பார்ப்பதும் உண்டு, வெள்ளி ஒட்டாது. ஆனால் இதை மட்டும் தெரிந்துகொண்டு 1947ஆம் வருஷ ரூபாயைக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. புலி போட்ட அந்த ரூபாய் சுத்த நிக்கல், ஒட்டினால்தான் அசல்.

திப்பு காசையும் பாயிடம்தான் படித்தேன். 1792 வரை இந்த பாராமகால் சீமை திப்புவிடம் இருந்தது, அதனால் யானை போட்ட செம்புக்காசு இந்தப் பக்கம் இன்றைக்கும் தட்டுப்படுகிறது. அவர் கொண்டுவந்த மௌலூதி ஆண்டின் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அது தெரியாதவர்கள் வருஷத்தைத் தலைகீழாகப் படித்துவிட்டு அசலையே போலி என்பார்கள்.

இப்படிக் காசு பார்க்கிற தொழிலுக்குத் தமிழில் நோட்டம் என்று பேர். பார்க்கிறவன் வண்ணக்கன். சங்கப் பாடல்கள் பாடியவர்களிலேயே வண்ணக்கர்கள் இருக்கிறார்கள், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்று. வகுப்பில் பேராசிரியர் இந்தப் பேர்களை வாசித்துவிட்டு நாணயப் பரிசோதகர் என்று ஒரு வரியில் பொருள் சொல்லித் தாண்டிப் போனார். எனக்கு மட்டும் கல்லில் தட்டி ரெண்டு வாட்டி காது கொடுத்த கடைக்காரர் முகம் வந்து நின்றது. நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மை. நம் மொழியில் ஒரே சொல்தான். காசு நோட்டம் பார்க்கிற சாக்கில் ஆளை நோட்டம் பார்ப்பதற்கு நம் மொழியே இடம் கொடுத்து வைத்திருக்கிறது.

அசலா போலியா என்பது முடிந்தால் அடுத்தது தரம். ராணியின் கன்னம், கிரீடம், ராஜாவின் காது, தாடி, எங்கெல்லாம் மேடோ அங்கெல்லாம் தேய்மானம் பார்ப்பார்கள். அஞ்சாம் ஜார்ஜின் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. 1911இல் வந்த காசில் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று முஸ்லிம்கள் நடுவில் பெரிய எதிர்ப்பு கிளம்பி, மறு வருஷம் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். அந்த யானை முழுசாகத் தெரிந்தால் ஒரு தரம், பாதி தெரிந்தால் ஒரு தரம். எல்லாவற்றுக்கும் மேலான தரத்துக்குப் பேர் அன்சர்க்குலேட்டட். புழங்காத காசு. அக்கசாலையிலிருந்து வெளியே வந்து ஒரு கையும் படாதது. அப்படிப்பட்ட காசை விரலால் முகத்தில் தொடக்கூடாது, விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். வியர்வை பட்டால் கெட்டுப் போகுமாம்.

பாய் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். "தீண்டாத காசுக்குத்தான் விலையா பாய்?" என்றேன். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தொடறவன் யாருன்னு காசுக்குத் தெரியாதும்மா" என்றார். காசுக்குத் தெரியாதுதான்.

ஒரு சேதி. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல் இங்கிலாந்துக் கரையை விட்டுக் கிளம்பினதுமே குட்வின் மணல் திட்டில் மோதி மூழ்கியது. அதில் பீப்பாய் பீப்பாயாகச் செம்புக்காசு, மதராஸ் ராஜதானிக்காக பர்மிங்காமில் அடித்த பத்துக் காசும் இருபது காசும். 1980களில் அதை வெளியே எடுத்தார்கள். இன்றைக்கும் உலகமெங்கும் விற்கிறார்கள். 1808 என்ற எழுத்து நேற்று அடித்தது மாதிரி தெரியும் காசெல்லாம் அதில் உண்டு. அந்தக் கப்பல் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தால் அந்தக் காசு இங்கே புழங்கியிருக்கும், தேய்ந்திருக்கும், ஒன்றிரண்டு நம் பாட்டன் பூட்டன் கைக்கும் வந்து படியில் வைக்கப்பட்டுத் தண்ணி தெளிக்கப்பட்டிருக்கும். வராததால் தரம் போகவில்லை.

என்னிடம் ரெண்டு அம்பேத்கர் ரூபாய் இருக்கிறது. நூற்றாண்டுக்காக 1990ஆம் வருஷம் போட்டு வெளியிட்ட ஒரு ரூபாய். ஒன்று பாய் பிளாஸ்டிக் டப்பியில் வைத்துக் கொடுத்தது, கண்ணாடி பிரேம் வரைக்கும் கூர்மையாகத் தெரியும். இன்னொன்று ராயக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் வந்தது. மூக்கும் கன்னமும் மழுங்கி, உற்றுப் பார்த்தால்தான் அவர் என்று தெரிகிறது. 1923இல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றியே ஒரு தடித்த புத்தகம் எழுதின மனிதர். எத்தனை பூக்காரி, எத்தனை கறிக்கடை, எத்தனை டீக்கடை மேஜை தேய்த்த மூக்கு அது. நான் பையில் வைத்திருப்பது பஸ்ஸில் வந்ததைத்தான்.

மாமாவிடம் வருகிறேன்.

அவருடைய காசில் பொய் எழுத்திலேயே இருக்கிறது. கம்பெனி இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரி காசு அடிக்க ஆரம்பித்தது 1835இல். அந்த அரை அணாவில் ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்குகிற கம்பெனிச் சின்னம், மறு பக்கம் இலை வளையத்துக்குள் ஆங்கிலமும் பாரசீகமும். எடை 12.95 கிராம். மாமாவின் காசை என் சின்னத் தராசில் வைத்தபோது இருபத்தி மூணு காட்டியது. 1818இல் ராமர் போட்ட அரை அணா என்று ஒன்றைக் கம்பெனி அடிக்கவே இல்லை. 1616, 1717 என்று கூட வருஷம் போட்டு விற்கிறார்கள். யாரோ பட்டறையில் கோயில் காசு மாதிரி செய்தது பின்னால் இந்த வியாபாரமாகிவிட்டது. வெள்ளைக்காரன் சாமி போட்டுக் காசு அடித்ததே இல்லையா என்றால் அடித்திருக்கிறான், மதராஸ் கம்பெனியின் வராகனில் விஷ்ணு உண்டு, ஒரு காசில் கோபுரமே உண்டு. அந்த நிஜத்தின் ஓரத்தில்தான் இந்தப் பொய் ஒட்டிக்கொண்டு பிழைக்கிறது.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே, எங்கள் பேரைச் சொல்லிப் பழைய காசு வாங்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை, கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று அறிவித்ததைச் சொன்னேன். காசு அரிசியை இழுத்ததாக புரோக்கர் போனில் படம் காட்டினானாம். அரிசிக்கு இரும்புப் பொடி ஏற்றிக் காந்தத்தை ஒளித்து வைக்கிற வித்தை அது என்றேன். சூளகிரிப் பக்கம் வீட்டுமனைக்கு ஜேசிபி தோண்டும்போது கிடைத்தது, அதனால் வெளியே சொல்லக்கூடாது என்றானாம். நிஜமாகவே கிடைத்திருந்தாலும், 1878ஆம் வருஷப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றேன். மறைத்தால் ஜெயில். தெரிவித்து, உரிமை கோரி யாரும் வராமல் போய், வேறு ஒப்பந்தமும் இல்லையென்றால் முக்கால் பங்கு எடுத்தவருக்கு, கால் பங்குதான் நிலத்துக்காரருக்கு. அரசே வேண்டுமென்று எடுத்துக்கொண்டால் விலை கொடுக்க வேண்டும். இது வெள்ளைக்காரன் சட்டம், இன்னும் அமலில் இருக்கிறது. கடப்பாரை பிடிக்கிற நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நீயும் அந்தக் கடைக்காரன் மாதிரியேதான் பேசற" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

"நம்ம கையில வந்தாலே அது செல்லாத காசாத்தான் இருக்கணுமா பாப்பா? ஒரு வாட்டி ஒரு நல்ல காசு நம்ம கைக்கு வரக்கூடாதா?"

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அரசியல் வகுப்பு எடுக்கிறவள்தான் நான். மூடநம்பிக்கை, பேராசை என்று இதைப் பேசிவிட்டுப் போகலாம், மேடையில் பேசியும் இருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஒரே மெஷினில் நின்றும் ஐடி கார்டில் கம்பெனி பேர் வராத ஆளிடம் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லென்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நான் சொல்றத விடுங்க மாமா. நீங்களே பாருங்க. உங்க கம்பெனி பீஸ்னு நெனச்சிக்கிட்டுப் பாருங்க."

அவர் டியூப்லைட்டுக்குக் கீழே போய் நின்றார். முதலில் ராமர் முகத்தைப் பார்த்தார். பிறகு விளிம்பைத் திருப்பினார். கட்டை விரலை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டினார். ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில் பீஸைத் தடவித் தள்ளுகிற விரல். ஒரு இடத்தில் நின்றது. திரும்பவும் ஓட்டினார், அதே இடத்தில் நின்றது.

"பார்ட்டிங் லைன்" என்றார். குரலே மாறிவிட்டது. "பைல் போட்டுத் தேச்சிருக்கான். சரியாக்கூடத் தேய்க்கல." அப்புறம் எழுத்துக்குப் பக்கத்தில் பார்த்தார். "பின்ஹோல். இங்க ஒண்ணு, இங்க மூணு." கடைசியில், "எங்க லைன்ல வந்திருந்தா இதை ரிஜெக்‌ஷன் பின்லதான் போட்டிருப்பேன்" என்றார்.

லென்ஸை மேஜை மேலே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது ஆயாவின் காசைக் கேட்டார். பணத்துக்காகக் கேட்கவில்லை, பார்ப்பதற்கு. கொடுத்தேன். 1918இன் விளிம்பில் கட்டை விரலை ஓட்டினார். பற்ற வைத்த வளையத்தில் முட்டி நின்றது. தாண்டி ஓட்டினார், எங்கேயும் நிற்கவில்லை. "இது பிரஸ்ல அடிச்சது" என்றார். தேய்மானத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் புகார் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை. அங்கே இருந்தவர் பேப்பரை வாங்கி முதல் வரியைப் படித்துவிட்டு மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "அறுபதாயிரம் உனக்கு ஏதுப்பா?" என்றார். நான் குழு லோன் பாஸ்புக்கை மேஜை மேலே வைத்தேன். இந்த முறை பில்லு இருந்தது. ரெண்டு மணி நேரம் உட்கார வைத்து சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். காசை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "அதெல்லாம் வேணாம், நீங்களே வெச்சிக்கோங்க, கூப்பிடறப்ப கொண்டாங்க" என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை. புரோக்கர் போன் அணைந்தே இருக்கிறது.

அக்கா அந்த ராமர் காசைக் கட்டில் காலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். தரை சரிவாக இருப்பதால் கட்டில் ஆடிக்கொண்டிருந்தது, இப்போது ஆடவில்லை. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை குழுக்காரர் தவணைக்கு வருகிறார். அந்தக் கட்டிலில்தான் உட்காருகிறார். அக்கா கொடுக்கிற ஐநூறு ரூபாய் நோட்டு ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பையில் போடுகிறார்.